ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு

பாசிப்பருப்பு வறுபடும் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்கு ஓர் ஈர வேட்டி நினைவுக்கு வரும்.

நடையிலிருந்து முற்றம் வரைக்கும் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் மாமனார் நிற்கிறார். தலைமுழுகிய ஈரம் காதோரம் வடிந்துகொண்டிருந்தது. காலையில் அரண்மனைக்குக் கிளம்பும்போது போட்டிருந்த சிவப்பு டவாலி உடம்பில் இல்லை. மார்பில் பளபளத்த பித்தளை வில்லையும் இல்லை. வந்த நாளிலிருந்து டவாலியோடு மட்டுமே அவரைப் பார்த்திருந்த எனக்கு ஒரு நிமிஷம் யாரோ என்றுகூடத் தோன்றியது.

நான் புது மருமகள். வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தால் அதிகம். கையில் கரண்டி, முகமெல்லாம் வேர்வை, மனசெல்லாம் சந்தோஷம்.

"வாங்க மாமா. எலை போடட்டுங்களா?"

"அடுப்பு ஆரு பத்த வச்சது?"

"நாந்தாங்க மாமா."

"என்ன சமையல்?"

"சோறு, கத்திரிக்காக் கொழம்பு. பாயசமும் வச்சிருக்கேன் மாமா."

"பாயசம் எதுக்கு?"

"நாடு ஒண்ணாயிருச்சுல்லங்க மாமா. நல்ல நாளாச்சேன்னு வச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஏதோ தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்ட ஆள் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"ஒங்க சீமையில எழவு வீட்டுல பாயசந்தான் வப்பாங்களோ?"

அவ்வளவுதான். கிணற்றடிக்குப் போனார், ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார், வேறு வேட்டி கட்டிக்கொண்டு உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு என் கையால் எத்தனையோ வருஷம் சாப்பிடவில்லை.

மேளம் இல்லாத கல்யாணம்

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம் என்பது இந்தத் தலைமுறைக்குச் சொன்னால்தான் தெரியும். தனி ராஜா, தனிக் கச்சேரி, பருமனில் மிளகுக்கு அண்ணன் போல அம்மன் காசு என்று தனியாக ஒரு செப்புக் காசு. சுற்றிலும் வெள்ளைக்காரன் ஜில்லாக்கள், நடுவில் இது. வெள்ளைக்காரன் போன பிறகும் கொஞ்ச மாதம் சமஸ்தானம் சமஸ்தானமாகவே இருந்தது. அடுத்த மாசி மாதத்தில்தான் இந்தியாவோடு சேர்த்துக்கொண்டார்கள். திருச்சி ஜில்லாவோடு ஒட்டினார்கள்.

நான் பிறந்தது கோட்டைப்பட்டினம். கடலோரம். அது அப்போது தஞ்சாவூர் ஜில்லா, அதாவது வெள்ளைக்காரன் சீமை. என் அப்பா படகுகளுக்குக் கயிறும் நூலும் விற்கிற கடை வைத்திருந்தார். கதர் தவிர வேறு துணி உடம்பில் படாது. கடற்கரையில் உப்புக் காய்ச்சி ஜெயிலுக்குப் போனவர். அவர் ஜெயிலில் இருந்தபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேனாம். அந்தப் பெருமையை அம்மா பிரசவ வலி கதையோடு சேர்த்தே சொல்லுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை அரண்மனைத் தபேதார் வீட்டில் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். தபேதார் என்றால் டவாலிச் சேவகர்களுக்கெல்லாம் தலைவர். அவருடைய ஒரே மகன் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. ஜாதகம் பொருந்தியது. "எந்த ராசா உத்தியோகமா இருந்தா என்ன, ஒண்ணாந் தேதி சம்பளம் வருதுல்ல" என்றாள் அம்மா. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் கல்யாணத்தில் ஒரு சங்கடம் வந்தது. மகாத்மா சுடப்பட்டு அப்போதுதான் சில வாரம் ஆகியிருந்தது. அப்பா மேளம் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். துக்கம் ஆறவில்லையாம்.

மாப்பிள்ளை வீட்டார் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கினால் பந்தலில் மேளச் சத்தம் இல்லை. மாமனார் ஏற இறங்கப் பார்த்தார். "மேளம் இல்லாம நடக்கறதுக்குப் பேரு வேறங்க" என்றார். அவ்வளவு பேர் நடுவில் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைசியில் தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் ஒரே ஒரு நாயனம் ஊதியது. என் கெட்டிமேளம் அந்த லட்சணத்தில்தான் நடந்தது.

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்காக அழுகிறார்கள், இந்த வீட்டில் யாருக்காக அழுவார்கள் என்பது வேறு வேறு. பதினேழு வயசில் அதெல்லாம் எங்கே புரிகிறது?

பற்றவைக்காத அடுப்பு

இப்போது அந்தப் பாயச நாளின் காலைக்குப் போகிறேன்.

விடிந்து எழுந்து வந்தால் அடுப்படியில் சத்தமே இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், முந்தின நாள் வரைக்கும் என்னை அடுப்புப் பக்கம் அண்ட விட்டதில்லை. "புதுப்பொண்ணு, கொஞ்ச நாளு ஒக்காந்து சாப்புடு" என்பார். அன்றைக்கு அவர் திருக்கோகர்ணம் கோவிலுக்குப் போய்விட்டிருந்தார். மாமா அரண்மனைக்கு. அவர் கச்சேரிக்கு. 'அவர்' என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் காலத்தில் பேர் சொல்லுகிற வழக்கமில்லை, இந்த வயசில் புதிதாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

அடுப்பு ஆறிக் கிடந்தது. முந்தின நாள் சாம்பல்கூட அள்ளவில்லை. நான் என்ன நினைத்தேன்? 'ஆகா, இன்றைக்கு நல்ல நாள், சமையலை நமக்கு விட்டிருக்கிறார்கள்' என்று நினைத்தேன். சாம்பலை அள்ளினேன், அடுப்பை மெழுகினேன், கோலம்கூடப் போட்டேன். எங்கள் வீட்டில் நாடு விடுதலையான அன்றைக்கு அம்மா அப்படித்தான் செய்தாள். பாசிப்பருப்பை வறுத்து, வெல்லம் தட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து தெருவுக்கே பாயசம் ஊற்றினாள். மரைக்காயர் வீட்டிலிருந்து கிண்ணத்தோடு பிள்ளைகள் வந்தன. நானும் அதே கைப்பக்குவத்தில் வைத்தேன்.

அத்தை கோவிலிலிருந்து வந்தபோது நான் கரண்டியோடு அழுதுகொண்டிருந்தேன். அவர் பாயசத்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி மகளே! அடுப்பு அணஞ்சு கெடக்குதே, எழவுன்னு தெரிய வேணாமா?"

"யாரு செத்தாங்க அத்தை?"

"ராஜ்யம் போச்சுடி. ஒன் மாமா கொளத்துல தலமுழுகிட்டு வந்திருக்காரு. டவாலியக் கழட்டி ஒப்படச்சுட்டு வந்திருக்காரு. அவுக அப்பாரு, அவுக பாட்டனாரு எல்லாரும் உப்புத் தின்ன எடம் அது."

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோ சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஒரு ராஜ்யத்துக்கு அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாமலே தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எதிர் வீட்டு மீனாட்சி அக்கா சட்டியில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டுக்காரரும் அரண்மனையில் வேலை பார்த்தவர்தான், ஆனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. "வேல போனா இன்னொரு வேல" என்கிற ரகம் அவர்கள். மாமா அந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். என் பாயசம் ஆடை கட்டி அப்படியே இருந்தது. மறுநாள் மாட்டுக்குத் தொட்டியில் ஊற்றினேன். அது நக்கி நக்கிக் குடித்தது. மாட்டுக்கு ராஜாவும் கிடையாது, சர்க்காரும் கிடையாது, கொடுத்து வைத்த ஜீவன்.

சுவரோடு பேச்சு

அத்தை நல்லவர். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"தாயி, அவரு காலுல விழுந்து, தெரியாம செஞ்சிட்டேன், தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு. முடிஞ்சு போச்சு."

"கால்ல விழறேன் அத்தை. தெரியாம செஞ்சேன்னும் சொல்றேன். நாடு ஒண்ணானதுக்கு சந்தோஷப்பட்டது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஒங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு ஒனக்கு."

"இருந்துட்டுப் போகுது அத்தை."

விழுந்தேன். மாமா என் தலைக்கு மேலே காற்றைப் பார்த்து "தீர்க்க சுமங்கலியா இரு" என்றார். நான் தப்பு என்று சொல்லவில்லை. அவர் சாப்பிடவில்லை. பிடிவாதத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே தட்டில் நிறுத்தலாம்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. சுவரிடம் பேசுவார். "கொழாயில தண்ணி வருதாம்" என்று சுவருக்குச் சொல்வார், நான் குடத்தை எடுப்பேன். "வெயில்ல வத்தல் காயுது, மழை வரும்போல" என்று தூணுக்குச் சொல்வார், நான் ஓடுவேன். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை, எனக்குத் தெரியாமல் எனக்குப் பிடித்த பலாச்சுளை வாங்கி வந்து அத்தையிடம் கொடுப்பார். ஆனால் இலையில் உட்காரும்போது, "ஆரு சமச்சது?" என்று கேட்காமல் கை நனைக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா என்று கேட்காதீர்கள். அவர் வாயில் கொழுக்கட்டை. சமஸ்தானத்துக் குமாஸ்தாக்களைப் புது சர்க்கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மாற்றியது. அவரைச் சேலத்துக்குப் போட்டார்கள். வயசான அப்பா அம்மாவை யார் பார்ப்பது என்று என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அங்கே ஒரு லாட்ஜ் அறையில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். ஆபீசில் அவருக்குப் பேரே 'சமஸ்தானம்'தானாம். "என்ன சமஸ்தானம், அம்மன் காசு வச்சிருக்கீரா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். மாதத்துக்கு ஒரு தடவை வருவார், துணியைத் துவைத்துக் கொடுப்பேன், போவார். எனக்குப் பிள்ளை பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஆக அந்த வீட்டில் நான் பேச இருந்தது அத்தை ஒருவர்தான். அவருக்கும் காது மந்தமாகிக்கொண்டு வந்தது.

வெல்லமும் விறகும்

ஒரு நாள் அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒன் மாமா அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேந்திருக்காருடி."

புதுக்கோட்டைப் பக்கம் எந்தச் சாமான் தொலைந்தாலும் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார்கள். மூக்குத்தி, சாவி, கன்றுக்குட்டி, எதுவானாலும் கிடைத்துவிடும் என்று நம்பிக்கை.

"என்ன அத்தை தொலைஞ்சு போச்சு?"

"அதக் கேட்டா சொல்ல மாட்டேங்குறாரே."

எனக்குப் புரிந்தது. அத்தைக்கும் புரிந்திருக்கும். வெல்லத்துக்குத் திரும்பி வருகிற சாமானா அது?

எங்கள் தெருவுக்கு விறகும் கரியும் கொண்டுவருகிற அழகாயி வேறு மாதிரி. தலைச்சுமையைக் கொல்லைப்பக்கம் இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் வீட்டுச் சண்டையை விசாரிப்பாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏன்த்தா, ராசா இருந்தப்பவும் எங்க சனம் இந்தத் தெருக் கெணத்துல வாளி போட முடியாது. இப்ப கலெக்டரு வந்திருக்காரு, இப்பவும் போட முடியாது. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இப்புடி மல்லுக்கட்டுறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "இனிமே மாறும் அழகாயி" என்றேன்.

"மாறட்டும், மாறட்டும். மாறுன அன்னைக்கி நானும் வந்து ஒம்ம பாயசத்துல ஒரு வாயி குடிக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் குடிக்கிற தண்ணீரைக்கூட நான் கையில் ஊற்றித்தான் கொடுத்தேன். சொம்பைக் கொடுக்கவில்லை. நாடு ஒன்றாகிவிட்டது என்று பாயசம் வைத்தவள்தான் நானும்.

கடற்கரையில்

கோட்டைப்பட்டினத்துக்குப் போனாலாவது மனசு ஆறும் என்று ஒரு தீபாவளிக்குப் போனேன். அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"ராசா காலக் கழுவிக் குடிச்ச பரம்பரை. அவனுகளுக்கு சுதந்திரம்னா என்னன்னு தெரியுமா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

"மாமாவ அப்படிப் பேசாதீங்கப்பா. அவரு உப்புத் தின்ன வீட்ட நெனச்சு அழுவுறாரு. அதுல என்ன தப்பு?"

"பாருடி ஒம் மகள! ஒரு வாய் சோறு இவ கையால திங்காத மனுசனுக்கு வக்காலத்து வாங்குறா!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "நீ இப்ப எங்க ஆளா, அவங்க ஆளா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. எழுந்து கடற்கரைக்குப் போனேன். எங்கள் கடலில் பெரிய அலை கிடையாது, குளம் மாதிரி கிடக்கும். படகுகளைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை சின்ன வயசிலிருந்து எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அதுவும் வேறு யார் வீட்டு வாசனையோ போல இருந்தது. புதுக்கோட்டையில் 'ஒங்க சீமை' என்கிறார்கள். இங்கே 'அவங்க ஆளு' என்கிறார்கள். எனக்கென்று ஒரு நாடு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட பெண்ணுக்கு நிற்க ஒரு முழம் இடம் இல்லை. இருட்டுவதற்குள் அம்மா வந்து கூப்பிட்டுப் போனாள். மறுநாள் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குத் திரும்பிவிட்டேன்.

கும்முட்டி

ஐம்பதுகளின் கடைசியில் அத்தை இறந்தார். எதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி வியாதி இல்லை. மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வீட்டில் அடுப்பை அணைத்தோம். மீனாட்சி அக்கா வீட்டிலிருந்தும் இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலிருந்தும் சோறு வந்தது. மாமா எல்லார் வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டார். உப்பு கூடியதைச் சாப்பிட்டார், குழைந்ததைச் சாப்பிட்டார், ஊசிப்போகிற நிலைமையில் இருந்ததையும் சாப்பிட்டார். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்தால் இனி சமைக்க என்னை விட்டால் ஆளில்லை, இனி சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். அத்தை செத்த துக்கத்தில் இப்படி ஒரு எண்ணமா என்று என்னையே திட்டிக்கொண்டேன், எண்ணம் போகவில்லை.

கருமாதிக்கு மறுநாள், என் வீட்டுக்காரர் சேலத்துக்குத் திரும்பிய கையோடு, மாமா கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கும்முட்டி அடுப்பும் ஒரு சின்னப் பானையும் இருந்தன. கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கரி போட்டு, ஊதி ஊதிக் கண் சிவந்து, கஞ்சி வைத்தார். அவருக்கு அடுப்பூதத் தெரியாது. டவாலி போட்டு ராஜாவுக்கு முன்னால் நடந்த மனிதர், புகையில் இருமிக்கொண்டு குந்தியிருந்தார்.

நான் வாசற்படியில் நின்று சொன்னேன். "மாமா, நான் கிட்ட வரல. ஊதிவிட்டு மட்டும் போறேன்."

அவர் கிணற்றைப் பார்த்துச் சொன்னார்: "சின்ன வேல. நாமளே பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு. உள்ளே நான் எனக்காக ஒரு பிடி அரிசி வைப்பேன். கொல்லையில் அவர் தமக்காக ஒரு பிடி வைப்பார். அழகாயி மட்டும், "விறகும் போவுது, கரியும் போவுது, எனக்கு லாபந்தேன்" என்பாள். ஒரு ஆளுக்குச் சமைக்கிறது இருக்கிறதே, அதைப் போல வெறுப்பான வேலை இல்லை. குழம்பு வைத்தால் மூன்று வேளைக்கு வரும். தாளிக்கிற சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நான் பல நாள் தாளிப்பதையே விட்டுவிட்டேன்.

சில நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவோம். நான் அடுப்படியில், அவர் தாழ்வாரத்தில். நடுவில் ஒரு கதவு. அவர் தட்டு தரையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். என் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

மருமகள் வகையில் ஒரு பெரியவர்

அப்புறம் சில வருஷம் கழித்து, ஒரு கோடையில், மத்தியானம். மீனாட்சி அக்கா வீட்டு ரேடியோவில் பாட்டு நின்றுபோனது. பிறகு தம்பூரா மாதிரி ஏதோ ஒன்று மட்டும் அழுதுகொண்டே இருந்தது. அக்கா வாசலில் வந்து நின்று, "ஏ சிவகாமி, டில்லியில பிரதமர் போயிட்டாராம்டி" என்றார்.

எங்கள் அப்பா வீட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்தான். அப்பா அப்போது உயிரோடு இல்லை. இந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லையே என்று நினைத்தேனோ, அப்பாவே இரண்டாம் தடவை செத்துவிட்டார் என்று நினைத்தேனோ, தெரியாது. உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரம் ஆனது. அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

கொல்லையில் மாமா கும்முட்டியில் கஞ்சிப் பானையை ஏற்றியிருந்தார். உள்ளே சத்தம் இல்லை என்று கவனித்திருக்க வேண்டும். கதவோரம் வந்து நிலையைப் பார்த்துக் கேட்டார்.

"வெளக்கேத்தலயாமா?"

"பிரதமர் போயிட்டாருங்க மாமா."

அவர் எட்டிப் பார்த்தார். ஆறிக் கிடந்த அடுப்பைப் பார்த்தார், சாம்பல் அள்ளாததைப் பார்த்தார். திரும்பிப் போனார். பானையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொய்யென்று தண்ணீர் கரியில் விழுகிற சத்தம். சாம்பல் வாடை உள்ளே வந்தது.

நான் எழுந்து ஓடினேன். "என்ன மாமா இது? நீங்க எதுக்குப் பட்டினி கெடக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். சுவரை அல்ல, கிணற்றை அல்ல, என்னை.

"எங்க ராஜ்யம் போன அன்னைக்கி இந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சிருச்சு தாயி. ஒங்க ஆளு போன அன்னைக்காவது எரியாம இருக்கட்டும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனார். அவர் யார் வீட்டு வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை. நான் நடையில் நின்றேன், அவர் சொன்னது காதில் விழுந்தது.

"மீனாச்சி, எங்க வீட்டுல அடுப்பு எரியல. கொஞ்சம் சோறு வேணும்."

"அய்யய்யோ, என்னங்க மாமா? யாருக்கு என்ன ஆச்சு?"

"மருமக வகையில ஒரு பெரியவர் தவறிட்டாரு."

மீனாட்சி அக்கா உள்ளே போய்ச் சோறு எடுத்துவந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டோம், அவர் தாழ்வாரத்தில், நான் அடுப்படியில். அன்றைக்கு நடுக்கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் சாயங்காலம் டில்லியில் எரியூட்டியாகிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்கு மறுநாள் காலையில் நடையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. குளத்தில் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு மாமா நின்றார்.

"அடுப்பப் பத்த வய்யி தாயி. ரொம்ப நாளு அணஞ்சு கெடக்கக் கூடாது."

கும்முட்டியைத் தொடவில்லை. வேட்டி மாற்றிக்கொண்டு அடுப்படிக்கு வெளியே தரையைத் துடைத்து, தமக்குத் தாமே இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சோறு வடித்தேன். கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். என்ன போட்டேன், எதை விட்டேன் என்றே தெரியவில்லை. கொண்டுபோய்ப் பரிமாறினேன்.

"ஆரு சமச்சது?" என்று கேட்கவில்லை. பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். விழுங்கினார். நான் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"உப்புக் காய்ச்சுனவரு மகளாம்! கொழம்புல உப்பக் காணோம்."

என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உப்புச் சாடியை எடுக்கத் திரும்பியவள் அங்கேயே சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். வாய் விட்டு, ஏங்கி ஏங்கி, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

"அழுவு தாயி, அழுவு" என்றார் பின்னாலிருந்து. "பெரிய மனுசன் போனா அழுவத்தான் செய்யணும். நானும் அன்னைக்கி அழுதேன். ஆரும் பாக்கக் கூடாதுன்னு கொளத்துக்குள்ள முங்கிக்கிட்டு அழுதேன்."

நான் டில்லிக்காரருக்காக அழவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையில் கொஞ்சம் உப்பு வைத்தேன். அவர் தொட்டுக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டார்.